இங்கிலிஸ் படிச்ச ஆக்கள்

கனடாவில் அச்சாகும் ஈழத்தமிழ்ப் பத்திரிகைகளில் அந்த நாட்டுப் பெருநகர் ஒன்றின் பெயர் ரொறன்ரோ. சென்னைப் பத்திரிகைகளில் அது டொரண்டோ. தமிழ்நாட்டு வாசகர் முதல் தடவை பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். ஆனால் இது காது சம்பந்தப்பட்ட விஷயம். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்று வாசிக்கும்போது நாக்கு நுனி மேற்பல் வேருக்குச் சற்றுப் பின்னால் முட்டி விடுபடும். ஆங்கிலேயரின் ‘ரீ’ (T) எழுத்து ஒலிக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே லைற், பற், மார்க்கெற் என்று அவர்கள் றகரம் போட்டு எழுதினார்கள். சொல்லின் முதலில் றகரம் வராது என்பதால் ரிக்கெற், ரீச்சர், ரயர் என்று ரகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அதே ஒலிக்கு நாக்கு இன்னும் பின்னால் வளைந்து டகரத்தில் போய் நின்றது. கொலிஜ், ஒபீஸ் என்று யாழ்ப்பாணம் ஒகரத்தில் கேட்டதைத் தமிழ்நாடு காலேஜ், ஆபீஸ் என்று ஆகாரத்தில் கேட்டது.

இவ்வளவும் ஊர்ப் பேச்சு இலவசமாகக் கொடுத்தவை. கமக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைக்கும் நாக்கு முட்டும் இடம் ஒன்றுதான். பிரிவு பிறகு வருகிறது. ஒரு பிள்ளை ‘இஸ்கூல்’ என்று இகரம் சேர்த்துச் சொல்லும், மற்றது சேர்க்காது. ஒரு வீட்டில் பாதிரியார் ‘பாதர்’, இன்னொரு வீட்டில் கீழுதட்டைப் பல்லால் தொட்டு ‘ஃபாதர்’. சிறிய வேறுபாடுதான். ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்கள் முதற் பத்து நிமிடத்தில் கவனித்துவிடும் வேறுபாடு.

பேச்சில் வர்க்கத்தை அளக்கலாம் என்று எண்ணிக்கையோடு காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1962இல் அவர் நியூயோர்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார்: பணக்காரருக்கான சாக்ஸ், நடுத்தரத்தாருக்கான மேசிஸ், மலிவு விலைக் கடையான கிளைன். நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். அதில் ரகரம் ஒலிக்கிறதா என்பது மட்டுமே அவருக்குத் தேவை. கடையின் அந்தஸ்து உயர உயர ரகரமும் கூடியது. இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே ரகரத்தை விழுங்குவதுதான் மேட்டுக்குடிப் பேச்சு. ரகரத்தில் தன்னளவில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

கொழும்பில் இப்படி ஒரு அளவுகோல் உண்டு. ‘நொட்’, ‘ஹோல்’ போன்ற சொற்களில் ஆங்கிலத்தின் வேறுவேறு ஒகரங்களைக் குழப்பிப் பேசுகிறவர்களை அங்கே ‘நொட்-பொட் இங்கிலிஷ்’ என்று கேலி செய்வார்கள். இலங்கை ஆங்கிலம் பற்றிய தன் 2005ஆம் ஆண்டு நூலில் மனிக் குணசேகர இதை எழுதியிருக்கிறார். சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தெரியாதவனை வெட்டுகிற வாள். அந்தச் சொல்லைத் தலைப்பாக்கி 1984இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய மொழியியலாளர் திரு கந்தையா தமிழர்.

யாழ்ப்பாணத்தில் உச்சரிப்பு இரண்டாம் பட்சம். குடாநாட்டில் வர்க்கம் தெரிந்தது பள்ளிக்கூட வாசலில். அந்த வாசலுக்குள் யார் போனார், யார் வெளியே நின்றார் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் சாதி.

அந்த வாசலைத் திறந்தவர்கள் அமெரிக்கர். ஆங்கிலேயரின் குடியேற்ற நாட்டில் அமெரிக்கர் ஆங்கிலம் படிப்பித்தது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேரூன்றிய அமெரிக்க மிஷன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கியது. மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கன் திருச்சபையாரும் யாழ்ப்பாணப் பட்டினத்திலும் நல்லூர், சுண்டிக்குழிப் பக்கமும் தங்கள் பள்ளிகளை வைத்திருந்தார்கள். சில மைல் வட்டத்துக்குள் இத்தனை ஆங்கிலப் பள்ளிகள் அக்காலத் தென்னாசியாவில் அபூர்வம். வட்டுக்கோட்டையில் யூக்ளிடும் வானசாஸ்திரமும் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழும் சமஸ்கிருதமும் பக்கத்திலேயே இருந்தன. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், இந்தச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள்தான்.

அவர்களின் பெயர்களைக் கவனித்தால் சங்கதி இன்னும் விளங்கும். கறோல், ஆர்னோல்ட், நெவின்ஸ், வைமன் என்பவை மாணவரின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர்கள் அல்லது மிஷனரிகளின் பெயர்கள். முன்னால் அமெரிக்கர், பின்னால் சதாசிவம்பிள்ளை, சிதம்பரப்பிள்ளை, கதிரைவேற்பிள்ளை. அந்தப் ‘பிள்ளை’யை ஒரு கொடையாளரும் எடுக்கவில்லை. செமினரிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்த சோற்றைத் தின்னமாட்டோம் என்று ஆரம்பகால மாணவர்கள் மறுத்தபோது, சைவர் ஒருவரின் காணியில் சமையற்கூடம் போட்டுக் கொடுத்து மிஷனரிகள் சமாளித்தார்கள். பாடம் மிஷன் வளவில், சோறு மதிலுக்கு அப்பால். யாழ்ப்பாணம் ஆங்கிலத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டியதில்லை.

மிஷன் எதிர்பார்த்தது ஊழியக்காரரை. கிடைத்தது உத்தியோகத்தர்களை. ஆங்கிலம் படித்ததும் பையன்கள் கச்சேரிக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேலதிகாரி ரூபஸ் அண்டர்சன், தாய்மொழிதான் வேண்டும் என்று முடிவெடுத்துச் செமினரியை மூடினார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய மாணவர்களே முன்நின்று வற்புறுத்தி, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை அதே வட்டுக்கோட்டையில் திறக்கவைத்தார்கள். வெள்ளைக்காரர் தமிழ் போதும் என்றார். தமிழர் ஆங்கிலம் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

அதற்கு மண்ணும் ஒரு காரணம். ஆறில்லாத குடாநாடு, கிணற்றுத் தண்ணீர், துண்டுதுண்டாகப் பிரிந்த காணி. நான்கு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் தோட்டம் ஒருவனுக்கே காணாது. மற்றவர்களுக்கு ஆங்கிலம்தான் காணி. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கோணும்’ என்ற பழமொழி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, பொது வேலைப் பகுதி எல்லாம் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்களாலும் ஸ்ரேசன் மாஸ்ரர்களாலும் நிறைந்தன. மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது, கடைசியில் ‘மலாயன் பென்சனியர்’ ஆகி அவர்களும் வந்தார்கள். இங்கிலிஸ் படித்த மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது.

ஊர்ப் பேச்சே இந்தப் பிரிவைப் பதிந்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் சட்டம்பியார் அல்லது வாத்தியார். கொலிஜில் படிப்பித்தவர் மாஸ்ரர். சம்பளமும் வேறு, சபையில் கிடைத்த கதிரையும் வேறு. தமிழ்ப் பள்ளியில் கட்டணமில்லை; ஆங்கிலப் பள்ளிக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும். 1945 வரை நிலைமை இதுதான்.

இங்கே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் விலகிய இடம் ஒன்று உண்டு. பண்பாட்டின் பங்கு அதில்தான் தெரிகிறது. கொழும்பின் மேட்டுக்குடிக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. ஆயாவோடு சிங்களம், அப்பாவோடு ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் வெளிவாசலோடு நின்றது. மெதடிஸ்த பள்ளியில் ஆங்கிலம் கற்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் சைவர்களுக்கென்று ஆங்கிலப் பள்ளி வைக்கவும் முயன்றார். அவருக்குப் பின்வந்த சைவர்கள் 1889இலிருந்து ‘இந்து ஓர்கன்’ பத்திரிகையை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. ஆங்கிலம் படிக்க ஞானஸ்நானம் தேவையில்லை, வேட்டியை அவிழ்க்கவும் தேவையில்லை என்று நிறுவியது இந்தத் தலைமுறை. திருநீற்றோடு ஷேக்ஸ்பியர் படிப்பித்த மாஸ்ரர் யாழ்ப்பாணத்தின் சொந்த உற்பத்தி.

விளைவு, பேச்சைவிட எழுத்தில் பலமான ஆங்கிலம். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் இலக்கணம் பிசகாமல் அலுவலகக் கோவையில் குறிப்பெழுதுவார். கடிதத்தின் அடியில் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்று பொருள்படும் நீண்ட வணக்கத்தை ஆங்கிலத்தில் வைக்கத் தவறமாட்டார். பேசும்போதும் அந்தக் கோவை வாசனை அடிக்கும்: முழு வசனம், சொல் சொல்லாக நிறுத்திய உச்சரிப்பு, அகராதிச் சொற்கள். கொழும்பில் ‘சமறி’ என்ற கூட்டுக் குடித்தனத்தில் நாலைந்து பேராக இருந்து, லீவுக்கு ரெயிலேறிய மனிதர் அவர். கந்தோருக்குள் ஆங்கிலம், சமறியில் யாழ்ப்பாணத் தமிழ். மேட்டுக்குடிக் கொழும்பு ஏழில் வளர்ந்தவனுக்கு இந்த ஆங்கிலம் விறைத்ததாகத் தெரிந்திருக்கும். இவருக்கோ அவனுடைய ஆங்கிலம் இலக்கணமில்லாத அரட்டை. ஒருவரையொருவர் கீழாகப் பார்க்க இருவருக்கும் நியாயம் இருந்தது. அ. சிவானந்தனின் 1997ஆம் ஆண்டு ஆங்கில நாவல் ‘வென் மெமரி டைஸ்’, கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போகும் இப்படியான ஒரு சண்டிலிப்பாய்ப் பையனிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் படத்துக்குள் வராத யாழ்ப்பாணம் ஒன்று இருந்தது. பஞ்சமர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாலும் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லோருக்கும் சம ஆசனம் வேண்டும் என்று 1930ஐ ஒட்டி அரசு பணித்தபோது ஆதிக்கசாதியினர் கிளர்ந்தெழுந்தார்கள். பள்ளிக் கொட்டகைகள் எரிந்தன. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காக நின்றது. தாய்மொழிக் கல்வியையும் அதே மூச்சில் கேட்டது. அதை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆங்கிலத்தில் ஊறியவர். ஆங்கிலம் தமிழரைத் தமிழரிடமிருந்து பிரித்துவிட்டது என்பதைச் சரளமான ஆங்கிலத்தில் அவரால் வாதிட முடிந்தது.

எழுத்தாளர் டொமினிக் ஜீவா அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர். ஆசிரியர் ஒருவரின் சாதிப் பேச்சைத் தாங்கமாட்டாமல் சிறுவயதிலேயே படிப்பை விட்டார்; முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே எழுதினார்; 1966இலிருந்து ‘மல்லிகை’ இதழை நடத்தினார். அவருக்கு மூத்தவரான அழகு சுப்பிரமணியம் லண்டனுக்குப் போய் பாரிஸ்ரர் ஆனார். இந்திய எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தின் வட்டத்தில் பழகி ஆங்கிலத்தில் சிறுகதை எழுதினார். ‘த பிக் கேர்ள்’ தொகுதி 1964இல் வந்தது. கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்களை வைத்து யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைச் சொல்லும் கதையும் அவர் எழுதியவற்றில் உண்டு. கொடுமையை அனுபவித்தவர்களால் வாசிக்க முடியாத மொழியில் அது வந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஜீவா எழுதிய தமிழை அவர்கள் வாசித்தார்கள்.

1945இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து கட்டண வாசலை உடைத்தது. அதே காலத்தில் படிப்பு தாய்மொழிக்கு மாறியது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், ஆங்கிலம் தெரிந்த கிளாக்கரைச் சிங்களப் பரீட்சைக்கு இருத்தியது. தள்ளிவைக்கப்பட்டவனின் பிள்ளை ஏணிக்குக் கிட்ட வந்த வேளையில் ஏணியே இடம்பெயர்ந்துவிட்டது.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் பல்கலைக்கழகம் வந்தபோது அதற்குள் நுழைந்தவர்கள் தமிழில் படித்த கிராமத்துப் பிள்ளைகள். அங்கே ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜாவின் ஆய்வுகள் இந்தத் தலைமுறையை அருகிலிருந்து காட்டுகின்றன. 1990இல், போருக்கு நடுவே, கலைப்பீட முதலாண்டு மாணவர் இருபத்திரண்டு பேருக்கு அவர் பாடம் எடுத்தார். புத்தகமோ நன்கொடையாக வந்த ஒரு அமெரிக்கப் பாடநூல். வெளியே குண்டு விழ, உள்ளே அமெரிக்கரின் ஓய்வுப் பொழுதுகள். மாணவர்கள் வாய்திறந்து எதிர்க்கவில்லை. பாடநூலின் ஓரங்களில் கிறுக்கினார்கள்: சினிமா வசனம், காதல் வரி, போராட்டச் சுலோகம், படத்திலிருந்த அமெரிக்கருக்குப் புது வேஷம். ஆனால் பருவம் முடியும்போது அவர்கள் கேட்டது இலக்கணமும் பரீட்சைக்கான குறிப்பும்தான். அந்த ஓரக் கிறுக்கல்களை எதிர்ப்பு என்று மட்டும் வாசித்தால் பாதிதான் வாசித்ததாகும். அதே பிள்ளைகள் அதே ஆங்கிலத்தை எப்படியாவது கைப்பற்றிவிடத் துடித்தார்கள்.

கனகராஜா பதிவு செய்த இன்னொரு காட்சி ஒரு நேர்முகம். வெளிநாட்டில் படித்த மூத்த பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். எதிரே இருக்கும் இளம் விரிவுரையாளருக்குக் கேள்வி முழுக்க விளங்குகிறது. ஆனால் முழு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தன்னம்பிக்கை போதாது. ஆகவே வசனத்தைத் தமிழில் கட்டி, சமூகவியல் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் செருகுகிறார். கலைச்சொல் தெரியும் என்று காட்டியாயிற்று, இலக்கணத்தில் இடறவும் இல்லை. இரண்டு மூன்று கேள்விக்குப் பிறகு பேராசிரியரே கலப்புத் தமிழுக்கு இறங்கி வருகிறார். ஆங்கிலம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி அந்த அறையில் ஒருவரையும் புண்படுத்தாமல் தீர்ந்தது.

வெளியே அப்போது தூயதமிழ் ஆட்சி. விடுதலைப் புலிகளின் காலத்தில் பேக்கரி வெதுப்பகமானது, ஐஸ்கிறீம் குளிர்களியானது, மோட்டார் சைக்கிள் உந்துருளியானது. பலகைகள் மாறின. வெதுப்பகம் இன்றும் ஊரில் நிலைத்திருக்கிறது. வாய் அவ்வளவு கீழ்ப்படியவில்லை. ‘லைற்றை நூருங்கோ’, ‘பின்னேரம் கோல் எடுக்கிறன்’ என்பவை யாரும் யோசித்துக் கலக்கும் ஆங்கிலம் அல்ல. சந்தையில் மீன் விற்பவரும் வங்கி மனேஜரும் ஒரேமாதிரிப் பேசும் தமிழ். கலப்பில் இப்போது அந்தஸ்து இல்லை. கலக்காமல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலேயே நின்று பேசுவதில்தான் அது ஒட்டியிருக்கிறது.

சாதி இந்தக் கதையில் இன்னொரு தடவை, வேறு முகத்தோடு வருகிறது. யாழ்ப்பாணத்துச் சாதியும் மொழியும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று 1978இல் எழுதியவர் மொழியியலாளர் சு. சுசீந்திரராஜா. யார் யாரை ‘நீ’ என்பது, யாருக்கு ‘நீர்’, யாருக்கு ‘நீங்கள்’, உறவுமுறைச் சொல்லை யாரோடு பகிரலாம், யாரை ‘நயினார்’ என்று கும்பிடவேண்டும் என்பதெல்லாம் ஊரில் எழுதாத சட்டம். ஆங்கிலத்து ‘யூ’வுக்கு இந்தப் படிகள் இல்லை. புலம்பெயர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களிடம் கனகராஜா விசாரித்து 2008இல் எழுதிய ஆய்வில், ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் ஆங்கிலத்துக்கு மாறியதை இழப்பாக மட்டும் பேசவில்லை. தமிழ் தங்கள்மேல் சுமத்திய படிநிலையிலிருந்து விடுபடும் வழியாகவும் அதைக் கண்டார்கள். தமிழ் அழிகிறதே என்று மேடையில் கலங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. ஊருக்குள்ளும் ‘அன்ரி’, ‘அங்கிள்’, ‘சேர்’, ‘மாஸ்ரர்’ ஆகியவை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மாமி என்று கூப்பிடச் சாதி தெரிந்திருக்கவேண்டும். அன்ரி என்று கூப்பிடத் தேவையில்லை.

2001ஐ ஒட்டி அரச பள்ளிகளில் ஆங்கில மொழிமூலம் மறுபடி வந்தது. 2009இல் கொழும்பு அரசு ‘எங்கள் பாணியில் ஆங்கிலம் பேசுவோம்’ என்று ஒரு இயக்கமே நடத்தி, உச்சரிப்புக்கு வெட்கப்படவேண்டாம் என்றது. யாழ்ப்பாணத்துக்கு அதைவிட வலுவான உந்துதல் லண்டனிலிருந்து வந்தது. 2010 நவம்பரிலிருந்து, பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச்சேர விசா கேட்பவர் ஏ1 மட்டத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் முடியும் என்று காட்டவேண்டும். ஒரு காலத்தில் மாப்பிள்ளையின் ஆங்கிலத்துக்குப் பெண்வீட்டார் விலை கொடுத்தார்கள். இப்போது வல்வெட்டித்துறையிலோ சங்கானையிலோ இருக்கும் பொம்பிளை தானே பரீட்சைக்கு இருக்கவேண்டும். சாதியும் சாதகமும் பொருந்தி எல்லாம் சரிவந்த பிறகு அந்தப் பரீட்சை நிற்கிறது. இதற்கென நடக்கும் ஐயெல்ற்ஸ் தேர்வில் இரண்டு பேரை ஒன்றாக இருத்தி, பதினாறு பதினெட்டு நிமிடம் குடும்பம், கடை, காலநிலை என்று பேசவைப்பார்கள். அங்கே போய் இரண்டரை வருடத்தில் ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு பி1 என்று படிகள் தொடர்கின்றன. தேர்வு அறையில் சொல்வது விளங்கினால் போதும். ‘இஸ்கூல்’ என்றாலும் சித்தியடையலாம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் பிறந்து வளர்ந்த மச்சாளின் பிள்ளைகள் அவ்வளவு தாராளமாகப் புள்ளி போடமாட்டார்கள்.